பெற்றோர் உரிமையும் ஒரு வாக்காளர் கையேடும்: டெக்சாஸில் இரண்டு தேர்தல்களில் பயன்படுத்திய பின் ஒரு மதிப்புரை

2025 ஏப்ரலில் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, எங்கள் சபையின் வரவேற்பு மேசையில் காணிக்கை உறைகளுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்த வாக்காளர் கையேடு ஒன்றை எடுத்து வந்தேன். வழவழப்பான தாளில் 24 பக்கங்கள். எங்கள் காலின் கவுண்டியில் மே 3 அன்று நடக்கவிருந்த நகர மன்றத் தேர்தலுக்கும் பள்ளி வாரியத் தேர்தலுக்கும் நின்ற வேட்பாளர்களைப் பெற்றோர் உரிமை, மதச் சுதந்திரம், வரி ஆகிய மூன்று தலைப்புகளில் மதிப்பிட்டிருந்தார்கள். விலை கிடையாது. வீட்டு முகவரியைக் கொடுத்தால் நம் வாக்குச்சீட்டில் வரும் பெயர்களை மட்டும் பிரித்துக் காட்டும் இணையப் பதிப்பும் உண்டு. அந்த மே தேர்தலிலும், பிறகு நவம்பர் 4 அன்று நடந்த மாநில அரசியலமைப்புத் திருத்த வாக்கெடுப்பிலும் இதன் அந்தந்தப் பதிப்பையே கையில் வைத்துக்கொண்டு வாக்களித்தேன். வெளியிட்ட அமைப்பின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. கிறிஸ்தவ அமைப்புகள் வெளியிடும் இத்தகைய கையேடுகள் இந்த மாநிலத்தில் பல இருக்கின்றன. நான் சொல்லப்போகும் நிறையும் குறையும் அவற்றில் பலவற்றுக்குப் பொருந்தும்.

நான் எந்த இடத்தில் நின்று எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் கர்த்தரால் வரும் சுதந்தரம் என்று நம்புகிற குடும்பம் எங்களுடையது. அவர்களை வளர்க்கும் பொறுப்பு முதலில் தாய் தகப்பனுக்கே கொடுக்கப்பட்டிருக்கிறது, பள்ளியும் அரசும் அதற்குத் துணை நிற்க வேண்டியவை என்பது எங்கள் நம்பிக்கை. குடியுரிமை பெற்ற பிறகு நான் போட்ட ஒவ்வொரு வாக்கும் இந்த நம்பிக்கையோடுதான் போட்டிருக்கிறேன். ஆகவே கையேட்டின் நோக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. அந்த நோக்கத்துக்கு அது எவ்வளவு தூரம் உதவுகிறது என்பதே என் கேள்வி.

இப்படி ஒரு கையேடு ஏன் தேவைப்படுகிறது என்பதை, சின்னம் பார்த்து வாக்களித்துப் பழகிய நம்மவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். டெக்சாஸில் பள்ளி வாரியத் தேர்தல் வாக்குச்சீட்டில் சின்னமும் இருக்காது, கட்சிப் பெயரும் இருக்காது. இடம் 4, இடம் 5 என்று எண் போட்டு, அதன் கீழே இரண்டு அல்லது மூன்று பெயர்கள் இருக்கும்; அவ்வளவுதான். பெரும்பாலான வாரியங்களில் 7 உறுப்பினர்கள். அவர்களுக்கு ஊதியம் இல்லை. பல பள்ளி மாவட்டங்களில் மே மாதச் சனிக்கிழமைத் தேர்தலில் பதிவு பெற்ற வாக்காளர்களில் பத்து விழுக்காட்டினர் வந்தாலே பெரிய விஷயம். ஆனால் பல ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் ஒரு மாவட்டத்தின் வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றுவதும், மாவட்டப் பள்ளிகளை நிர்வகிக்கும் கண்காணிப்பாளரை நியமிப்பதும், சொத்து வரியில் பள்ளிக்கான விகிதத்தைத் தீர்மானிப்பதும் இந்த ஏழு பேர்தான். ஒரு சபையின் விசுவாசிகள் எல்லாரும் போய் வாக்களித்தால் முடிவு மாறிவிடக்கூடிய தேர்தல் அது. அங்கே பெயரை மட்டும் பார்த்து, அல்லது சாலையோரப் பலகையில் எந்தப் பெயரை அதிகம் பார்த்தோமோ அதை நினைவில் வைத்து வாக்களிப்பது பெரிய அலட்சியம். நானும் முதல் இரண்டு முறை அப்படித்தான் செய்தேன் என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

கையேட்டில் என்னை மிகவும் கவர்ந்தது, ஏற்கெனவே பதவியில் இருப்பவர்களுக்கான பக்கங்கள். புதிய வேட்பாளர்களிடம் 12 கேள்விகள் கொண்ட படிவத்தை அனுப்பி, வந்த விடைகளைக் கொண்டு ஏ முதல் எஃப் வரை மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். பதவியிலிருப்பவர்களுக்கோ அதோடு கூட, வாரியக் கூட்டங்களில் அவர்கள் அளித்த வாக்குகளைத் தேதியோடு தந்திருக்கிறார்கள். மாணவர்களின் மனநிலையைப் பற்றிய கருத்தாய்வு ஒன்றைப் பெற்றோரிடம் முன்கூட்டி எழுத்துமூல ஒப்புதல் பெற்று நடத்துவதா, அல்லது வேண்டாதவர்கள் மட்டும் மறுப்புக் கடிதம் கொடுத்தால் போதுமா என்று எங்கள் வாரியத்தில் ஒரு வாக்கெடுப்பு நடந்திருந்தது. ஒப்புதல் தேவையில்லை என்று வாக்களித்த ஒருவருக்குக் கையேடு சிவப்புக் குறி போட்டிருந்தது. பக்கத்திலேயே கூட்டத்தின் காணொளி எந்த நிமிடத்தில் அந்த விவாதத்துக்கு வருகிறது என்றும் குறித்திருந்தார்கள். ஒரு இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து அதைப் பார்த்தேன். அந்த உறுப்பினர், ஒப்புதல் படிவம் திரும்பி வராத வீடுகளில்தான் உதவி அதிகம் தேவைப்படும் பிள்ளைகள் இருக்கக்கூடும் என்று நான்கு நிமிடம் பேசினார். அவருடைய முடிவு எனக்கு ஏற்புடையதல்ல. என் பிள்ளையின் மனதைக் குறித்த கேள்வியை என்னிடம் கேட்ட பிறகுதான் அவனிடம் கேட்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஆனாலும் அவர் பெற்றோரை அவமதித்துப் பேசவில்லை என்பதை என் காதால் கேட்டேன். சிவப்புக் குறியை மட்டும் பார்த்திருந்தால் அவரைப் பற்றித் தவறான எண்ணம் என் மனதில் தங்கியிருக்கும். ஆதாரத்தை வாசகருக்கு எட்டும் இடத்தில் வைத்ததற்காக இந்தக் கையேட்டை மனமாரப் பாராட்டுகிறேன். மதிப்பெண்ணை நம்பச் சொல்வதை விட, போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வழி காட்டுவது பெரிய சேவை.

இணையப் பதிப்பு எனக்குக் கைகொடுக்கவில்லை. மே 3 அன்று கைப்பேசியில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். வாசலுக்குள் நுழைந்ததும் தேர்தல் பணியாளர் ஒருவர் மிகுந்த மரியாதையோடு, "அம்மா, கைப்பேசியை அணைத்துப் பைக்குள் வைத்துவிடுங்கள்" என்றார். டெக்சாஸ் தேர்தல் சட்டப்படி, வாக்களிக்கும் இடத்திலிருந்து நூறு அடிக்குள் கைப்பேசியைப் பயன்படுத்தக் கூடாது. கையில் எழுதிய குறிப்போ அச்சிட்ட தாளோ கொண்டு போகலாம். இந்த விதி கையேட்டைத் தயாரித்தவர்களுக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. இணையப் பதிப்பின் முதல் திரையில் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். நகர மன்றத்தின் ஓர் இடத்துக்கு நின்ற இருவரில் யார் யார் என்பது எனக்குக் குழம்பிவிட்டது. ஊகத்தில் வாக்களிக்க மனம் ஒப்பாமல் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு வந்தேன். நவம்பரில் அச்சுப் பதிப்பை எடுத்துப் போனேன். எந்தத் தடையும் இல்லை.

இனி இந்தக் கையேட்டின் மையமான குறைக்கு வருகிறேன். ஒரு வேட்பாளர் பெற்றோர் உரிமையை நம்புகிறாரா என்று அது பன்னிரண்டு விதமாகக் கேட்கிறது; அவர் நிற்கும் பதவிக்கு அந்த விஷயத்தில் என்ன அதிகாரம் இருக்கிறது என்று ஒரு பக்கத்தில்கூடச் சொல்லவில்லை. பள்ளி வாரிய வேட்பாளர்களிடம் கேட்ட கேள்விகளில் ஒன்று, தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு மாநில நிதி தரும் கல்விச் சேமிப்புக் கணக்குத் திட்டத்தை ஆதரிக்கிறீர்களா என்பது. அதை முடிவு செய்வது மாநிலத் தலைநகரான ஆஸ்டினில் உள்ள சட்டமன்றம். உள்ளூர் வாரியத்துக்கு அதில் வாக்கே கிடையாது. நாங்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்த அதே மே 3 அன்றுதான் ஆளுநர் கிரெக் அபட் அந்தத் திட்டத்துக்கான செனட் மசோதா 2இல் கையெழுத்திட்டார். 100 கோடி டாலர் ஒதுக்கீடு, 2026-27 கல்வியாண்டிலிருந்து நடைமுறை, வீட்டிலேயே கல்வி கற்பிப்பவர்களுக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 2,000 டாலர் வரை என்பதெல்லாம் அங்கே முடிவாகிவிட்டது. அதற்கு வந்த விடையைக் கொண்டு ஒரு பள்ளி வாரிய வேட்பாளருக்கு மதிப்பெண்ணைக் கூட்டுவதும் குறைப்பதும், தச்சரை வேலைக்கு வைக்கும்போது அவருக்குச் சமையல் தெரியுமா என்று பார்ப்பது போன்றது.

எந்த அதிகாரம் எங்கே இருக்கிறது என்ற வரைபடம் உண்மையில் அவ்வளவு சிக்கலானதல்ல. நான்கு பத்திகளில் எழுதிவிடலாம். எந்த வகுப்பில் எந்தப் பாடப்பொருளைக் கற்பிக்க வேண்டும் என்ற தரநிலைகளை வகுப்பது 15 பேர் கொண்ட மாநிலக் கல்வி வாரியம். வேதாகமக் கதைகளும் இடம்பெறும் புளூபானெட் பாடத்திட்டத்தை 2024 நவம்பரில் 8க்கு 7 என்ற வாக்கில் ஏற்றுக்கொண்டது அந்த வாரியம்தான். ஆனால் அதைப் பயன்படுத்த வேண்டும் என்ற கட்டாயம் எந்த மாவட்டத்துக்கும் இல்லை. பயன்படுத்துவதா வேண்டாமா என்ற முடிவு உள்ளூர்ப் பள்ளி வாரியத்தின் கையில் வந்து நிற்கிறது. 2025 கூட்டத்தொடரில் நிறைவேறிய செனட் மசோதா 12, பிள்ளையின் உடல்நலம், மனநலம் தொடர்பான சேவைகளில் பெற்றோருக்குத் தெரிவிப்பதையும் ஒப்புதல் பெறுவதையும் கட்டாயமாக்கியது. மாணவர் கழகங்களில் சேரவும் பெற்றோர் அனுமதி வேண்டும் என்றது. செனட் மசோதா 13, பிள்ளை நூலகத்தில் எந்தப் புத்தகத்தை எடுத்தது என்று பெற்றோர் பார்க்க வழி செய்ததோடு, புதிய நூல்களுக்கு ஒப்புதல் தரும் பொறுப்பை வாரியத்திடம் ஒப்படைத்தது. இரண்டும் 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளன. ஆக, சட்டம் ஆஸ்டினில் பிறக்கிறது, அது நம் பிள்ளையின் வகுப்பறைக்குள் எப்படி நுழைகிறது என்பதை வாரியம் தீர்மானிக்கிறது. செனட் மசோதா 12 நடைமுறைக்கு வந்த புதிதில், முழங்காலில் சிராய்த்துக்கொண்டு வரும் பிள்ளைக்குப் பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் பிளாஸ்திரி ஒட்டலாமா என்று சில பள்ளிச் செவிலியர்கள் தயங்கியது செய்தியானது. இயற்றியவர்களின் நோக்கம் அதுவல்ல என்று பிறகு தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. ஒரு நல்ல சட்டம் தெளிவான உள்ளூர் விதிமுறையாக மாறாவிட்டால், அதனால் அவதிப்படுவது நாம் காக்க நினைத்த பிள்ளையேதான். விதிமுறையை வரி வரியாக வாசிக்கத் தெரிந்தவரா இந்த வேட்பாளர் என்பதைக் கையேடு கேட்டிருக்க வேண்டும்.

இதில் பாடம் கற்க நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. டாரன்ட் கவுண்டியில் 2022 மே தேர்தலில், பேட்ரியட் மொபைல் என்ற கிறிஸ்தவப் பழமைவாதத் தொலைபேசி நிறுவனத்தின் அரசியல் நிதிக்குழு நான்கு பள்ளி மாவட்டங்களில் ஆதரித்த 11 பேரும் வெற்றி பெற்றார்கள். எங்களைப் போன்ற பெற்றோருக்கு அது பெரிய உற்சாகம் தந்த நாள். அந்த நான்கில் ஒன்றான கெல்லர் மாவட்டத்தில், 2025 தொடக்கத்தில், மாவட்டத்தையே இரண்டாகப் பிரிக்கும் யோசனை ஒன்று வெளியே வந்தது. பெற்றோரிடமிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. பழமைவாதக் குடும்பங்களும் அதில் இருந்தன. தங்களைக் கலந்து பேசாமல் இப்படி ஒரு முடிவா என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. மார்ச் மாதத்தில் அந்த யோசனை கைவிடப்பட்டது. பெற்றோரிடம் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும் என்ற கோட்பாடு நூலகப் புத்தகத்துக்கு மட்டும் உரியதல்ல, பள்ளி எல்லைக்கும் கடன் பத்திரத்துக்கும் உரியது என்பதை அந்தச் சம்பவத்திலிருந்து நான் எடுத்துக்கொண்டேன். மோசேயின் மாமனாராகிய எத்திரோ, ஜனங்களுக்குத் தலைவர்களைத் தெரிந்துகொள்ளும்படி ஆலோசனை சொன்னபோது தேவபயத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. உண்மையையும், பொருளாசை இன்மையையும், திறமையையும் சேர்த்தே கேட்டார். கையேட்டின் பன்னிரண்டு கேள்விகளில் திறமையை அளக்கும் கேள்வி ஒன்றுகூட இல்லை.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குச் சொந்தக் காரணம் உண்டு. எங்கள் இளைய மகனுக்குப் பேச்சுப் பயிற்சி தேவைப்படுகிறது. சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைகளுக்கான திட்டத்தை முடிவு செய்யும் குழுவை டெக்சாஸில் ஏ.ஆர்.டி. குழு என்பார்கள். 1975ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டத்திலிருந்து வளர்ந்த ஏற்பாடு அது. அதில் தாயும் தகப்பனும் பார்வையாளர்கள் அல்ல, உறுப்பினர்கள். குழுவில் ஒத்த கருத்து ஏற்படாவிட்டால் பத்துப் பள்ளி நாட்களுக்குள் மீண்டும் கூடப் பெற்றோருக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒரு கூட்டத்தில், சிறிய நாற்காலிகள் போட்ட வட்ட மேசையைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்திருக்க, வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசினால் பையனுக்குச் சீக்கிரம் பேச்சு வரும் என்று ஒருவர் சொன்னார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் ராத்திரி ஜெபம் தமிழில்தான் நடக்கும். அவன் முதன்முதலில் முழுதாகச் சொன்ன வாக்கியமே, தாத்தாவோடு சேர்ந்து சொன்ன "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்பதுதான். என் கணவர் அதை அவர்களிடம் எடுத்துச் சொல்லி, வீட்டு மொழியை நாங்கள் மாற்றப்போவதில்லை, அதற்கு ஏற்றபடி பயிற்சியை அமைத்துத் தாருங்கள் என்று கேட்டார். கேட்டபடி எழுதிக் கொடுத்தார்கள். மூன்று பக்கத் தாளில் எங்கள் கையெழுத்துக்குக் கீழே அந்த வரி இருக்கிறது. பெற்றோர் உரிமை என்ற சொல்லை நான் கேட்கும்போதெல்லாம் என் கண்ணுக்கு முன் வருவது அந்த மேசைதான்.

அதனால்தான், கையேட்டின் முன்னுரையைப் படித்தபோது ஒரு ஏமாற்றம். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைப் பற்றி நல்ல சுருக்கம் தந்திருக்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளும் அரசுப் பள்ளிக்கே போக வேண்டும் என்று ஒரேகான் மாநிலம் கொண்டுவந்த சட்டத்தை, கன்னியர் சபை ஒன்று தொடுத்த வழக்கில் 1925இல் ரத்து செய்த தீர்ப்பைக் குறிப்பிடுகிறார்கள். ஆனால் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னால் வந்த மேயர் வழக்கை விட்டுவிட்டார்கள். முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில், எட்டாம் வகுப்பு முடிக்காத பிள்ளைகளுக்கு ஆங்கிலம் அல்லாத மொழியைக் கற்பிப்பதை நெப்ராஸ்கா மாநிலம் 1919இல் தடை செய்தது. லுத்தரன் சபைப் பள்ளி ஒன்றில் ராபர்ட் மேயர் என்ற ஆசிரியர், பத்து வயதுப் பையனுக்கு வேதாகமக் கதைகள் அடங்கிய ஜெர்மன் புத்தகத்தை வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். அதற்காக அவருக்கு 25 டாலர் அபராதம் விதித்தார்கள். உச்ச நீதிமன்றம் 1923இல் அந்தத் தண்டனையைத் தள்ளியது. பிள்ளைக்கு எதைக் கற்பிக்கலாம் என்பதில் பெற்றோருக்குள்ள உரிமையின் மேல் இந்த நாட்டில் எழுந்த வழக்குகளின் வரிசையில் அதுதான் முதலாவது. தாய்மொழியும் வேதமும் ஒரே புத்தகத்தில் சேர்ந்து நின்ற வழக்கு அது. வார இறுதியில் தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு பெரிய தீர்ப்பு மே மாதப் பதிப்புக்குப் பிறகு வந்தது; நவம்பர் பதிப்பில் அதைச் சரியாகவே சேர்த்திருக்கிறார்கள். மேரிலாந்தின் மான்ட்கோமரி கவுண்டிப் பள்ளி வாரியம், பாலின அடையாளம் முதலான விஷயங்களைப் பேசும் கதைப் புத்தகங்களைத் தொடக்கப் பள்ளி வகுப்புகளில் வைத்தது; பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அந்த வகுப்பிலிருந்து விலக்கிக்கொள்ள முதலில் அனுமதித்து, 2023இல் அந்த அனுமதியை நிறுத்தியது. இஸ்லாமிய, கத்தோலிக்க, உக்ரைனிய ஆர்த்தடாக்ஸ் பெற்றோர் சேர்ந்து வழக்குத் தொடுத்தார்கள். 2025 ஜூன் 27 அன்று 6க்கு 3 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் பெற்றோர் பக்கம் நின்றது. கையேடு இதை நீதிமன்றத்தின் வெற்றியாக மட்டும் சொல்கிறது. அங்கே அனுமதியை நிறுத்தியது ஒரு பள்ளி வாரியம், அதுவும் உள்ளூர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த வாரியம் என்பதை ஒரு வரி சேர்த்துச் சொல்லியிருந்தால், மே மாதத் தேர்தலுக்கு ஏன் போக வேண்டும் என்பது வாசகருக்குத் தானாகவே விளங்கியிருக்கும்.

விடை அனுப்பாத வேட்பாளர்களைக் கையேடு நடத்தும் விதம் எனக்கு மனவருத்தம் தந்தது. எங்கள் மாவட்டத்தில் ஓர் இடத்துக்கு நின்ற பெண்மணியின் பெயருக்கு நேரே சாம்பல் நிறக் கட்டத்தில் "விடையளிக்க மறுத்தார்" என்ற பொருளில் அச்சிட்டிருந்தார்கள். வேட்பாளர் சந்திப்பு ஒன்றில் அவரைப் பார்த்து, ஏன் மறுத்தீர்கள் என்று நேராகவே கேட்டேன். தமக்குப் படிவமே வந்து சேரவில்லை, பழைய மின்னஞ்சல் முகவரிக்குப் போயிருக்கிறது என்றார். பன்னிரண்டு கேள்விகளையும் நான் ஒவ்வொன்றாக வாசிக்க, அவர் அங்கேயே படிக்கட்டில் நின்றபடி விடை சொன்னார். நூலகம் பற்றிய விடையில் எனக்கு உடன்பாடு இல்லை. சிறப்புக் கல்வி ஆசிரியர் பற்றாக்குறையைப் பற்றி அவர் சொன்னதில் இருந்த விவரமும் அக்கறையும், ஏ மதிப்பெண் வாங்கிய அவருடைய போட்டியாளரிடம் இல்லை. அதே கேள்வியைக் கேட்டபோது அந்தப் போட்டியாளர், அதெல்லாம் மாநிலம் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்தார். "மறுத்தார்" என்பதும் "விடை கிடைக்கவில்லை" என்பதும் ஒன்றல்ல. பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளையை வகுப்பறைச் சுவரில் பார்க்க விரும்புகிற நாம், அச்சிடும் தாளில் இந்த வேறுபாட்டைக் காப்பாற்றக் கடமைப்பட்டவர்கள். பெண்கள் வாக்காளர் கழகம் (League of Women Voters) என்ற அமைப்பு வெளியிடும் கையேட்டில் வேட்பாளர்களின் சொந்த விடைகளை அப்படியே தருகிறார்கள், மதிப்பெண் போடுவதில்லை. எனக்கு அவர்களுடைய பல நிலைப்பாடுகள் பிடிக்காது. இந்த ஒரு முறையை நம்மவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

நவம்பர் பதிப்பு மேம்பட்டிருந்தது. வாக்குச்சீட்டில் 17 திருத்தங்கள். ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கத்தில், ஆம் என்றால் என்ன நடக்கும், இல்லை என்றால் என்ன நடக்கும் என்று எளிய ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். பிள்ளைகளைக் குறித்து முதன்மையாக முடிவெடுப்பவர்கள் பெற்றோரே என்று மாநில அரசியலமைப்பில் உறுதிசெய்யும் 15ஆம் திருத்தத்துக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். நானும் என் கணவரும் ஆம் என்று வாக்களித்தோம். ஏறத்தாழ பத்தில் ஏழு பேர் அப்படியே வாக்களித்து அது நிறைவேறியது. எனினும் கையேடு, இத்திருத்தம் வந்துவிட்டால் பள்ளிகளில் உள்ள எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துவிடும் என்ற தொனியில் எழுதியிருந்ததை நான் ஏற்கவில்லை. டெக்சாஸ் கல்விச் சட்டத் தொகுப்பில் பெற்றோர் உரிமைக்கென்றே 26ஆம் அத்தியாயம் 1995 முதல் இருக்கிறது; பாடநூல்களைப் பார்வையிடவும், பிள்ளையின் பதிவேடுகளைப் பெறவும், நம் நம்பிக்கைக்கு முரணான ஒரு வகுப்பிலிருந்து பிள்ளையைத் தற்காலிகமாக விலக்கவும் அது இடம் தருகிறது. எங்கள் சபையில் கேட்டுப் பார்த்தபோது அந்த அத்தியாயத்தின் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் இருவரே. இருக்கும் உரிமையை எந்தக் கடிதம் எழுதி, யாரிடம் கொடுத்துப் பெறுவது என்று ஒரு பக்கம் போட்டிருந்தால் அதை வெட்டிச் சமையலறையில் ஒட்டி வைத்திருப்பேன்.

சபையில் இதை வைப்பது சரியா என்று சிலர் கேட்டார்கள். வரிவிலக்குப் பெற்ற சபைகள் தேர்தலில் ஒரு வேட்பாளரை ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது என்ற விதி 1954 முதல் இருக்கிறது. சபை தன் ஆராதனையில் தன் விசுவாசிகளிடம் பேசுவதற்கு அது பொருந்தாது என்று வரித்துறை 2025 ஜூலையில் நீதிமன்றத்தில் ஒரு நிலைப்பாட்டைத் தெரிவித்தது. எங்கள் பாஸ்டர் ஐயா எந்தப் பெயரையும் பிரசங்க மேடையில் சொல்வதில்லை. தேர்தல் தேதியை அறிவித்து, ஜெபித்து, வாக்களியுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். அவர் செய்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் இந்தக் கையேட்டின் வண்ணக் குறிகள் பக்கச்சார்பற்ற தகவல் என்ற எல்லையைச் சில இடங்களில் உரசுகின்றன. சபைகளில் வைக்கக் கொடுக்கிறவர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும்.

மொழி பற்றியும் ஒரு குறை. ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் மட்டுமே கிடைக்கிறது. எங்கள் சபையில் எழுபதைத் தாண்டிய ஒரு மாமா இருக்கிறார். ஆறு ஆண்டுகளாகக் குடியுரிமை உள்ளவர், ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். இதுவரை ஒரு முறைகூட உள்ளாட்சித் தேர்தலில் வாக்களித்ததில்லை. வாசிக்கச் சிரமப்படுபவர்கள், தங்கள் முதலாளியோ தொழிற்சங்கப் பிரதிநிதியோ அல்லாத ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகலாம் என்று கூட்டரசுச் சட்டத்தில் இருப்பதை அவரிடம் சொன்னேன். நவம்பரில் உதவியாளர் உறுதிமொழி எடுத்துக்கொண்டு அவருடன் போனேன். 17 திருத்தங்களையும் தமிழில் வாசித்துக் காட்ட முக்கால் மணி நேரம் ஆயிற்று. 15ஆவது வந்தபோது, "இதை இன்னொரு தடவை வாசிம்மா" என்றார். கையேட்டில் இந்த உதவி விதியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

வாங்கலாமா என்றால், இலவசம்தான், கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். அச்சுப் பதிப்பையே எடுங்கள். பதவியிலிருப்பவர்களின் வாக்குப் பதிவேட்டுக்காக ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். புதிய வேட்பாளர்களின் மதிப்பெண்ணுக்கு இரண்டுக்கு மேல் கொடுக்க மாட்டேன். அந்த எழுத்து மதிப்பெண்ணை மறைத்து வைத்துக்கொண்டு விடைகளை மட்டும் வாசித்து, பிறகு குறைந்தது ஒரு வேட்பாளர் சந்திப்புக்காவது போய் உங்கள் பிள்ளைக்குத் தேவையான ஒரு கேள்வியைக் கேளுங்கள். 2026 மே 2 அன்று அடுத்த உள்ளாட்சித் தேர்தல். பதவிகளின் அதிகார விவரம், "விடை கிடைக்கவில்லை" என்ற திருத்தம், கைப்பேசி விதி ஆகிய மூன்றையும் சேர்க்கும்படி அமைப்புக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதி, ஏ.ஆர்.டி. பற்றிய ஒரு கேள்வியை நானே வரைந்து இணைத்து அனுப்பியிருக்கிறேன். தமிழ்ச் சுருக்கம் ஒன்றைத் தயாரிக்க எங்கள் சபையில் மூன்று பேர் முன்வந்திருக்கிறோம். மாமா எழுத்துப்பிழை பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.